ஒச்சம்மாளின் கிருமி

ஐ.சி.யூ.வில் மூன்றாவது ஆளுக்கும் அதே கிருமி என்று தாள் வந்தபோது, பொறுப்பு நர்ஸ் லில்லிக்குட்டி முதலில் திரும்பிப் பார்த்தது ஒச்சம்மாளைத்தான். ஒச்சம்மாள் அப்போது ஐந்தாம் படுக்கைக்கு அடியில் துடைத்துக்கொண்டிருந்தாள். பார்வை முதுகில் படுவது அவளுக்குத் தெரிந்தது. நிமிரவில்லை. துடைத்த இடத்தையே இன்னொரு முறை துடைத்தாள்.

சென்ற ஆண்டு ஜூன் மாதம் அது. மட்டாஞ்சேரியில் மழை பிடித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. பனயப்பள்ளிப் பக்கம் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ.வில் மொத்தம் ஏழு படுக்கைகள். பதினோரு வருடமாக அங்கே துப்புரவு வேலை பார்ப்பவள் அவள். தரை துடைப்பது, குப்பை எடுப்பது, நோயாளிக்கு உடம்பு துடைக்கும்போது நர்ஸுக்குப் பிடித்துக்கொடுப்பது எல்லாம் அவள் வேலை.

கிருமியின் பெயர் கிளெப்சியெல்லா. நல்ல உடம்பில் குடலில் சும்மா கிடக்கும். படுத்த படுக்கையாக இருப்பவனின் நுரையீரலிலோ ரத்தத்திலோ ஏறிவிட்டால்தான் ஆபத்து. ஆனால் இந்த மூன்று பேரிடமும் இருந்தது எந்த மருந்துக்கும் மசியவில்லை. வேறு எதுவும் கேட்காதபோது கொடுக்கலாம் என்று டாக்டர்கள் எடுத்து வைத்திருக்கும் ஊசிக்கும் அசையவில்லை. மூன்றாவது ஆள் பஜார் ரோட்டில் சுக்கு கிடங்கில் வேலை பார்த்தவர், அறுபத்தெட்டு வயது. எட்டாம் நாள் இறந்துபோனார். தாள் வருவதற்கு முந்தின நாள் அவருக்குக் கால் துடைத்துவிட்டவள் ஒச்சம்மாள்தான்.

ஒச்சம்மாள் யாரையும் எளிதில் நம்பமாட்டாள். உசிலம்பட்டிக்கு அப்பால் ஒரு ஊரிலிருந்து, கட்டட வேலைக்கு வந்த கணவன் பிச்சையோடு இருபத்திரண்டு வருடம் முன்பு கொச்சிக்கு வந்தவள். முதலில் கலூரில் ஒரு வீட்டில் வேலை பார்த்தாள். அந்த வீட்டம்மாவின் சங்கிலி காணாமல் போனது. பையைக் கொட்டிப் பார்த்தார்கள். பிறகு அவளைக் குளியலறைக்குள் கூட்டிப்போய்ச் சேலையை அவிழ்க்கச் சொன்னார்கள். நான்காம் நாள் சங்கிலி துணி துவைக்கும் மெஷினுக்குள்ளிருந்து கிடைத்தது. அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு வேலைக்காரி சொல்லித்தான் தெரியும். அன்றோடு அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்தினாள். யாராவது அன்பாகப் பேசினால் ஒரு அடி பின்னால் நகரும் பழக்கம் அப்போது வந்தது.

அப்படி அன்பாகப் பேசியவள்தான் டாக்டர் சுபாஷிணி.

ஆஸ்பத்திரியின் கிருமி ஆய்வகத்துக்குப் பொறுப்பு சுபாஷிணி. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். பாலக்காட்டிலிருந்து வந்து சேர்லாய்ப் பக்கம் நான்கு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். தாள் வந்த மறுநாள் காலை அவள் ஒரு பெட்டி நிறையப் பஞ்சு சுற்றிய குச்சிகளோடு ஐ.சி.யூ.வுக்கு வந்தாள். அங்கே வேலை பார்க்கும் பதினான்கு பேரின் கையிலும் தேய்த்து எடுத்தாள். பிறகு ஆளுக்கு ஒரு குச்சியும் சோதனைக் குழாயும் கொடுத்து, கழிப்பறைக்குப் போய் ஆசனவாயில் தேய்த்துத் தாங்களே எடுத்து வரச் சொன்னாள். கிருமி குடலில் இருக்கிறதா என்று பார்க்க அதுதான் வழி.

ஒச்சம்மாள் குச்சியை வாங்கவில்லை.

"எதுக்கு இது?"

"பயப்படண்டாம் ஒச்சம்மாக்கா. எல்லார்கிட்டயும் எடுக்கறேன், கேட்டேளா. எங்கிட்டேருந்தும் எடுத்தாச்சு. கிருமி எங்கேருந்து வர்றதுன்னு தெரிஞ்சாத்தானே தடுக்க முடியும்? மனசிலாச்சோ?"

தமிழ்தான். ஆனால் ஒச்சம்மாளின் காதுக்கு அது வேறு யாருடைய தமிழோ. மற்றவர்களிடமெல்லாம் மலையாளத்தில் பேசியவள் நம்மிடம் மட்டும் எதற்கு இறங்கி வந்து தமிழ் பேசுகிறாள் என்று தோன்றியது. சுபாஷிணி சம்மதத் தாள் ஒன்றை நீட்டினாள். முழுக்க மலையாளம். ஒச்சம்மாள் ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் படித்தவள். மலையாளம் பேசுவாள், படிக்கத் தெரியாது.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

சுபாஷிணி சொன்னாள். பின்னால் ஆறு பேர் நின்றார்கள். லில்லிக்குட்டி, "வேகம் ஆகட்டே ஒச்சம்மா," என்றாள். ஒச்சம்மாள் தமிழில் பெயரை எழுதிக்கொடுத்தாள். தாளின் இன்னொரு பிரதியைக் கேட்டு வாங்கி நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அப்படிக் கேட்டது பதினான்கு பேரில் அவள் ஒருத்திதான்.

நான்கு நாள் கழித்து முடிவு வந்தது. பதின்மூன்று பேரிடம் ஒன்றும் இல்லை. ஒச்சம்மாளின் கையிலும் இல்லை. ஆனால் அவள் குடலில் கிளெப்சியெல்லா இருந்தது. நோயாளிகளின் கிருமிக்கு எந்தெந்த மருந்து கேட்கவில்லையோ, அதே மருந்துகள் இதற்கும் கேட்கவில்லை.

லில்லிக்குட்டி அவளைத் துணி வைக்கும் அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். "நாளை தொட்டு வரண்டா. ஞான் விளிக்காம்." நாளையிலிருந்து வரவேண்டாம், நானே கூப்பிடுகிறேன் என்றாள்.

"நான் என்ன செஞ்சேன் சிஸ்டர்?"

"நீ ஒண்ணும் செய்தெந்நு பறஞ்ஞில்லல்லோ," என்றாள் லில்லிக்குட்டி. நீ செய்ததாக யாரும் சொல்லவில்லையே என்று அதற்கு அர்த்தம். சொல்லும்போது அவள் கதவின் கைப்பிடியைச் சேலை நுனியால் பிடித்துத் திறந்ததை ஒச்சம்மாள் பார்த்தாள்.

பாண்டிக்குடியில் அவர்கள் குடியிருந்தது ஆறு வீடுகள் ஒட்டிய வரிசையில் நடுவீடு. அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் சேதி போய்ச் சேர்ந்திருந்தது. குழாயடியில் நின்ற இரண்டு பெண்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். பிச்சை வேலையிலிருந்து வந்ததும் கேட்டார்:

"ஆஸ்பத்திரியில மூணு பேருக்கு சீக்கு ஒன்னாலன்னு பேசிக்கிறாய்ங்க. நெசமா?"

"நீயும் கேக்குறியா?"

"கேக்காம? சுமை தூக்குறவன் எங்கிட்ட வந்து கேக்குறான். நான் என்னன்னு சொல்ல?"

உள்ளே தொட்டிலில் பேரக்குழந்தை கிடந்தது. மகள் பொன்மணி பிரசவத்துக்கு வந்து, குழந்தைக்கு நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. தினமும் வேலை விட்டு வந்து, குளித்து, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது ஒச்சம்மாள்தான். அன்று வாசல்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. குழந்தையைத் தொடக்கூடாது என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. தொடலாம் என்றும் சொல்லவில்லை. தன் தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்து வைத்தாள். அடுப்பங்கரைப் பக்கம் போகவில்லை. பொன்மணிதான் பச்சை உடம்போடு சோறாக்கினாள். ஒச்சம்மாள் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தால் மூன்று முறை சோப்புப் போட்டாள். கை வறண்டு வெடிக்கும்வரை போட்டாள். குழந்தை அழும்போது எழுந்து வெளியே போய் நின்றாள்.

அவளுக்குத் தன் உடம்பின் மீதே சந்தேகம் வந்துவிட்டது. சுக்கு கிடங்குக்காரரின் கால் நினைவுக்கு வந்தது. பாதம் வீங்கி, விரலிடுக்கு வெளுத்து. அன்று கையுறை போட்டிருந்தோமா? போட்டிருந்தோம். நிச்சயமாகவா? முதல் நாள் நிச்சயமாக இருந்தது. ஐந்தாம் நாள் அப்படித் தோன்றவில்லை.

ஆனால் இன்னொரு சந்தேகமும் கூடவே ஓடியது. பதினான்கு பேரில் எனக்கு மட்டும் எப்படி? டாக்டர்களும் நர்ஸுகளும் தொடாத நோயாளியா? குழாய்களில் பெயர் ஒட்டியதை அவள் பார்த்திருந்தாள். ஒரே மாதிரிக் குழாய்கள், ஒரே மாதிரிச் சீட்டுகள். மாற்றி ஒட்டிவிட்டு, கேட்பாரில்லாத ஆளின் தலையில் போடுவது கஷ்டமா?

ஒன்பதாம் நாள் காலை மடித்த தாளைப் பொன்மணியிடம் கொடுத்தாள். "படி. ஒரு எழுத்து விடாமப் படி."

பொன்மணி தோப்பும்படியில் பள்ளிக்கூடம் போனவள். மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. படித்துக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நிறுத்தினாள். "அம்மா, முடிவு ரகசியமா இருக்கும், வெளிய யாருக்கும் சொல்லமாட்டோம்னு எழுதியிருக்கு."

ஒச்சம்மாள் தாளை வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

ஆய்வகத்து வாசலில் அவளைப் பார்த்ததும் சுபாஷிணி எழுந்து வந்தாள். ஒச்சம்மாள் உட்காரவில்லை.

"யாருக்கும் சொல்லமாட்டோம்னு இதுல எழுதியிருக்காம்ல. பாண்டிக்குடியில கொழாயடி வரைக்கும் தெரிஞ்சிருக்கு. நீங்க சொன்னீங்களா, சிஸ்டர் சொன்னாங்களா?"

சுபாஷிணியின் முகம் மாறியது. "நான் லில்லிக்குட்டி சிஸ்டர்கிட்ட மாத்திரம்தான் சொன்னேன். சொல்லாம இருக்க முடியாதே... ஆனா அதுக்கப்புறம் யார்கிட்ட போறதுன்னு நான் பார்த்திருக்கணும். தப்புதான்."

இதை ஒச்சம்மாள் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் நிதானித்து அடுத்ததைக் கேட்டாள். "எங்கிட்ட இருக்கறதும் அவுகளுக்கு வந்ததும் ஒண்ணுதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"ஒண்ணுன்னு நான் சொல்லலே. பேரு ஒண்ணு. கேக்காத மருந்தும் ஒண்ணு. அவ்வளவுதான் இந்த லேப்ல பார்க்க முடியும்."

"எங்க ஊர்ல ஒரே தெருவுல மூணு ஒச்சம்மா. மூணு பேரும் ஒரே ஆளா?"

சுபாஷிணி அவளையே பார்த்தாள். "அதேதான் அக்கா. அதைத்தான் கண்டுபிடிக்கணும்."

பிறகு மேசை மேல் ஒரு தாளைப் போட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். கிருமிக்குள் அதன் பிறப்பு முழுவதும் எழுத்தாக எழுதியிருக்கிறது. ஏறக்குறைய ஐம்பத்தைந்து லட்சம் எழுத்து. அந்த எழுத்து முழுவதையும் வரிசையாகப் படிக்கும் மெஷின் இருக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்று பரவிய கிருமிகளாக இருந்தால் இரண்டுக்கும் நடுவே நாலைந்து எழுத்துதான் மாறியிருக்கும். சம்பந்தமே இல்லாததென்றால் ஆயிரக்கணக்கில் மாறும். மூன்று நோயாளிகளின் கிருமியையும் ஒச்சம்மாளுடையதையும் வெளியே ஒரு ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பியிருந்தாள். முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகும்.

"எழுத்துப் படிக்கிற மெஷினு. யாரு எழுத்து யாருதுன்னு சீட்டு மாத்தி ஒட்டிட்டா?"

"நியாயமான கேள்வி. நீங்க இன்னொரு வாட்டி குடுங்கோ. உங்க கண் முன்னால நீங்களே சீட்டு ஒட்டுங்கோ. அதையும் அனுப்பறேன்."

ஒச்சம்மாள் அப்படியே செய்தாள். சீட்டில் தன் கையால் பெயர் எழுதினாள். இதற்கு முன் ஆஸ்பத்திரியில் படுத்ததுண்டா என்று சுபாஷிணி கேட்டதற்கும் பதில் சொன்னாள். கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பினாள்.

"ஆளுங்ககிட்டயெல்லாம் எடுத்தீங்களே, நாலாம் பெட்டுக்குப் பக்கத்துல கைகழுவுற சிங்க் இருக்கே, அதுல எடுத்தீங்களா?"

"எடுத்தேனே. குழாயிலயும் சிங்க் மேலேயும். ஒண்ணும் இல்லே."

"மேல என்ன இருக்கும்? நான்தான தெனமும் மேல தேய்க்கிறேன். கீழ ஓட்டைக்குள்ள எடுத்தீங்களா? தண்ணி தெறந்தா கொடகொடன்னு எதுக்களிச்சு மேல தெறிக்கும். மருந்து பாட்டில்ல மிச்சம் இருக்கறது, மூக்குக் கொழாய்ல குடுக்கிற கஞ்சி, பாலு, எல்லாம் அதுலதான் ஊத்துறாய்ங்க. மூணு பேரும் படுத்திருந்தது அந்தப் பக்கத்துலதான்."

சுபாஷிணி குச்சிப் பெட்டியைக் கையில் எடுத்தாள். பிறகு வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, "வாங்கோ, காட்டுங்கோ," என்றாள்.

ஐ.சி.யூ. வாசலில் லில்லிக்குட்டி மறித்தாள். ஒச்சம்மாள் உள்ளே வரக்கூடாது என்றாள். சுபாஷிணி மலையாளத்தில் தணிந்த குரலில் ஏதோ சொல்ல, அவள் மனமில்லாமல் வழிவிட்டாள். அந்தக் கைகழுவும் தொட்டிக்கு அருகே போனதும் சுபாஷிணி ஒரு குச்சியை எடுத்து, "இந்தச் சல்லடை எப்படிக் கழட்டறது?" என்று கேட்டாள்.

ஒச்சம்மாள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் தொடமாட்டேன். தொட்டா, அதுல இருந்தது நான் வச்சதுன்னு சொல்லுவீங்க. பிளம்பரக் கூப்பிடுங்க."

லில்லிக்குட்டியின் முகம் சிவந்தது. சுடலைமணி என்ற பிளம்பரைக் கூப்பிட்டார்கள். படுக்கைகளுக்கு நடுவே திரை போட்டார்கள். ஒச்சம்மாள் கதவருகே நின்றபடியே அவனுக்கு வழி சொன்னாள்: "எடது பக்கம் திருகு இருக்கு. அது இல்ல, கீழ. வளைஞ்ச கொழாயக் கழட்டு. வாளிய வச்சுக்க, கொட்டும்." வளைகுழாயைக் கழற்றியதும் உள்ளே கரிய கூழ் மாதிரி விரலளவு படிந்திருந்தது. நாற்றத்தில் திரைக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். சுபாஷிணி நான்கு இடத்தில் குச்சியை விட்டு எடுத்தாள். மற்ற இரண்டு தொட்டிகளிலும் எடுத்தாள். நடந்ததையெல்லாம் ஒச்சம்மாள் கதவருகிலிருந்தே பார்த்தாள். சோதனைக் குழாய்களில் சீட்டு ஒட்டி முடித்த பிறகுதான் போனாள்.

போகும் முன் சுபாஷிணியிடம் கேட்டாள்: "வீட்டுல கைக்குழந்தை இருக்கு. தொடலாமா?"

"தாராளமாத் தொடலாம். ஆரோக்கியமான குழந்தைக்கு இதால ஒண்ணும் வராது. கையை நன்னா சோப்புப் போட்டு அலம்பிக்கோங்கோ, அது போதும்."

"எழுதிக் குடுங்க."

சுபாஷிணி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஒச்சம்மாள் வாங்கிக்கொண்டாள். ஆனாலும் குழந்தையைத் தொடவில்லை. எழுதிக் கொடுத்தவள் நாளை மாற்றிப் பேசினால் அந்தத் தாளால் குழந்தைக்கு என்ன பிரயோசனம் என்று பொன்மணியிடம் சொன்னாள்.

ஜூலை கடைசியில் அழைப்பு வந்தது. லில்லிக்குட்டியின் அறையில் ஐ.சி.யூ. டாக்டரும் நான்கு நர்ஸுகளும் இருந்தார்கள். சுபாஷிணி கணினித் திரையில் ஒரு படத்தைக் காட்டினாள். இலையில்லாத மரம் மாதிரி கோடுகள். ஒரு கிளையின் நுனியில் நெருக்கமாக ஆறு புள்ளிகள். வெகுதூரம் தள்ளி வேறொரு கிளையில் இரண்டு புள்ளிகள் ஒட்டிக்கொண்டு.

"இந்த மூணும் நோயாளிகள். இது ரெண்டும் நாலாம் பெட் சிங்க்கோட வளைகுழாய்லேருந்து எடுத்தது. மூணாவது நோயாளிக்கும் சிங்க்குக்கும் ரெண்டே எழுத்துதான் வித்தியாசம். இந்த ஆறாவது, ஜனவரியில வேற ஆஸ்பத்திரியிலேருந்து இங்க மாத்திக் கொண்டுவந்த ஒருத்தரோடது. லேப் ஃப்ரீசர்ல இருந்தது, அதையும் அனுப்பினேன். அதுவும் இதே குடும்பம். ஜனவரியிலேயே வந்து சிங்க்குக்குள்ள குடியேறியிருக்கணும்."

"அந்த ரெண்டு?" ஒச்சம்மாள் தள்ளியிருந்த புள்ளிகளைக் காட்டினாள்.

"அது உங்களுது. முதல்ல எடுத்ததும், நீங்களே சீட்டு ஒட்டினதும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போறது. இவாளோட கிருமிக்கும் உங்களுதுக்கும் இருபதாயிரம் எழுத்துக்கு மேல வித்தியாசம். மருந்தை முறிக்கிற ஜீனே வேற வகை. அவாளுக்கு உங்ககிட்டேருந்து போகலே. அவாகிட்டேருந்து உங்களுக்கும் வரலே."

ஒச்சம்மாள் அழுவாள் என்று நினைத்தார்களோ என்னவோ, ஒரு நர்ஸ் நாற்காலியை நகர்த்திப் போட்டாள். அவள் உட்காரவில்லை. படத்தையே பார்த்தாள்.

"இந்தப் படம் நீங்க போட்டதா, மெஷின் போட்டதா?"

"மெஷின்தான். நான் பேரு மாத்திரம் எழுதினேன்."

"அப்ப எங்கிட்ட இருக்கறது எங்கேருந்து வந்துச்சு?"

"தெரியாது அக்கா. போன வருஷம் உங்களுக்கு கர்ப்பப்பை ஆபரேஷன் ஆச்சுன்னு சொன்னேளே, அங்கேருந்து இருக்கலாம். சாப்பாடு, தண்ணியிலேருந்தும் இருக்கலாம். எதுன்னு என்னால சொல்ல முடியாது."

தெரியாது என்று சொன்னதால்தான் மற்றதை நம்பினேன் என்று ஒச்சம்மாள் பிறகு பிச்சையிடம் சொன்னாள்.

ஐ.சி.யூ. டாக்டர் தொண்டையைச் செருமினார். கை கழுவும் தொட்டியில் கஞ்சியையும் மருந்து மிச்சத்தையும் ஊற்றியது யார் யார் என்று மலையாளத்தில் கேட்டார். கஞ்சியும் பாலும் கிருமிக்குத் தீனி. மருந்து மிச்சமோ, அதற்குப் பழகாத கிருமியையெல்லாம் அழித்துவிட்டு, பழகியதை மட்டும் வாழவைக்கும். நர்ஸுகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். லில்லிக்குட்டி மேசை மேலிருந்த பேனாவை எடுத்து வைத்தாள்.

"நானும் ஊத்தியிருக்கேன்," என்றாள் ஒச்சம்மாள். "ஒடம்பு தொடச்ச தண்ணிய, பின்னால போய்க் கொட்ட நேரமில்லாதப்ப. அந்தப் பெரியவருக்குத் தொடச்ச தண்ணியும் அதுலதான் ஊத்துனேன். ஊத்தக்கூடாதுன்னு எனக்கு யாரும் சொல்லல. ஆனா ஊத்துனேன்."

வேறு யாரும் வாய் திறக்கவில்லை. சற்றுப் பொறுத்து லில்லிக்குட்டி மட்டும், "நாளை தொட்டு ட்யூட்டிக்கு வா," என்றாள். மன்னிப்பு என்ற வார்த்தையை அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு வெளியே நின்றாள். பொன்மணி என்ன ஆயிற்று என்று கேட்டாள். அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கி வந்தாள்.

"எங்கிட்ட இன்னும் இருக்கு பொன்மணி. அவுகளோடது இல்லைன்னுதான் சொன்னாக. இல்லவே இல்லைன்னு சொல்லல."

"டாக்டர் எழுதிக் குடுத்தாங்கல்ல? கைய கழுவுனீல்ல? பிடி."

குழந்தை கனத்திருந்தது. கழுத்து நின்றிருந்தது. அவள் தள்ளி நின்ற நாட்களில் சிரிக்கவும் கற்றிருந்தது. ஒச்சம்மாள் அதன் முகத்துக்குப் பக்கத்தில் தன் முகத்தைக் கொண்டுபோகாமல், கையை நீட்டிப் பிடித்தபடியே வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு கை வலித்து மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

ஐ.சி.யூ.வில் இரண்டு தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். மூன்றாவதைப் படுக்கைகளிலிருந்து தள்ளி, தண்ணீர் தெறிக்காத மாதிரி புதிதாக வைத்தார்கள். மிச்சம் மீதியைக் கொட்டப் பின்பக்கம் தனி இடம். அந்தக் கிருமி அதற்குப் பிறகு யாருக்கும் வரவில்லை. முதல் இரண்டு நோயாளிகளில் ஒருவர் பிழைத்து வீடு போனார். மற்றவர் ஆகஸ்டில் இறந்தார். இறந்தவர்களின் வீட்டாருக்குத் தொட்டியைப் பற்றி யாராவது சொன்னார்களா என்று ஒச்சம்மாள் சுபாஷிணியிடம் இரண்டு முறை கேட்டாள். மேலே எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்றாள் அவள். மேலே என்ன செய்தார்கள் என்று இருவருக்குமே தெரியவில்லை.

செப்டம்பரில் ஒச்சம்மாளின் குடலில் கிருமி இல்லை என்று சுபாஷிணி சொன்னாள். ஒச்சம்மாள் அந்த முடிவுத் தாளை வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி ஆலுவாவில் வேறு ஒரு ஆய்வகத்துக்குப் போய் மறுபடி பார்த்தாள். அங்கேயும் இல்லை. அதை சுபாஷிணியிடம் மறைக்கவில்லை. "நன்னாச் செஞ்சேள்," என்றாள் அவள்.

நவம்பரில் ஆறாம் படுக்கையில் புதிதாக ஒருவருக்கு மருந்து கேட்காத கிருமி வந்தது. சுபாஷிணி பெட்டியோடு வந்து முதலில் தொட்டிக் குழாய்களுக்குள் எடுத்தாள். பிறகு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். லில்லிக்குட்டி பழக்கத்தில், "ஒச்சம்மா ஆத்யம் வரட்டே," என்றாள்.

"இல்ல சிஸ்டர்," என்றாள் ஒச்சம்மாள். "இந்தவாட்டி டாக்டர்லேருந்து ஆரம்பிங்க. நான் கடேசியா வர்றேன்."

ஐ.சி.யூ. டாக்டர் சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மடித்தார். ஒச்சம்மாள் சிரிக்கவில்லை. ஒவ்வொரு குழாயிலும் சீட்டு ஒட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள்.